கட்டில் எண் உட்பட

விடுதிப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் ஓட்டுக்காரி. பின்னே என்ன, சாப்பாட்டுக் கூடத்து வாசலில் மேசையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தட்டெடுக்க வந்த ஒருத்தியையும் விடாமல் "பேரு மாத்தியாச்சா? பேரு மாத்தியாச்சா?" என்று மூன்று வாரம் உயிரை வாங்கினால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? இத்தனைக்கும் அவள் விடுதியில் தங்கிப் படிப்பவள் இல்லை. கல்லூரியிலிருந்து எட்டாவது நிறுத்தத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறவள். மூன்றாம் ஆண்டு, புள்ளியியல். கல்லூரி வாக்காளர் மன்றத்தின் செயலாளர். அந்தப் பதவிக்கு இவளைத் தவிர யாரும் நிற்கவில்லை என்பதை யாராவது ஞாபகப்படுத்தினால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

அன்று செவ்வாய்க்கிழமை. அடுத்த திங்கள் வாக்குப்பதிவு. நடுவில் வெள்ளிக்கிழமை கல்லூரியில் விழா. விடுதி மாணவிகள் நூற்றுப் பதினாறு பேரைச் சொந்த ஊர்ப் பட்டியலிலிருந்து இந்த ஊர்ப் பட்டியலுக்கு மாற்றிய கல்லூரி என்று கேடயம் தரப்போகிறார்கள். மேடையில் வைக்க இறுதிப் பட்டியலின் பிரதி ஒன்று வேண்டும் என்று மன்றத்தின் பொறுப்பாசிரியர் சொல்லியிருந்தார். அதை வாங்கத்தான் ஓட்டுக்காரி தேர்தல் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். தலைவாரிப் பொட்டிட்டு, கேடயத்தை இப்போதே கையில் வாங்கிவிட்டவள் மாதிரிதான் வந்தாள்.

எழுத்தர் விடுதி முகவரிக்குரிய பட்டியலைத் தேடி எடுத்து மேசையில் போட்டார். ஒரே ஒரு தாள்.

"மிச்சத் தாள் எங்க சார்?"

"அவ்வளவுதாம்மா."

தாளில் ஒன்பது பெயர்கள். வார்டன், வார்டனின் கணவர், சமையல்காரர்கள் நாலு பேர், வாட்ச்மேன், அவர் மனைவி, மகன். ஓட்டுக்காரி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"நூத்திப் பதினாறு பேர் சார். நான்தான் கொண்டுவந்து குடுத்தேன். இதே மேசையில."

எழுத்தர் நல்ல மனிதர். சிடுசிடுக்காமல் எழுந்து உள்ளே போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு கட்டைத் தூக்கிவந்தார். ஓட்டுக்காரி கட்டிய அதே சிவப்பு நூல். மேலே அவள் கையெழுத்தில் கல்லூரிப் பெயர், அவள் கைபேசி எண். ஒவ்வொரு விண்ணப்பத்தின் மூலையிலும் ஒரே முத்திரை: நேரில் விசாரிக்கப்பட்டது. குறிப்பிட்ட அறையில் இந்த நபர் இல்லை. நிராகரிக்கப்பட்டது.

"ஏம்மா, ஹாஸ்டல்னு மட்டும் எழுதியிருந்தா வார்டன்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு முடிச்சிருப்போம். நீங்க ரூம் நம்பரே குடுத்துட்டீங்க. ரூம் நம்பர் குடுத்தா ரூம்லதான் போய்ப் பாக்கணும். போய்ப் பாத்தா வேற யாரோ இருக்காங்க. நாங்க என்ன பண்ணறது?"

ரூம் நம்பர்.

அந்த விடுதியில் ஒரு பழக்கம் உண்டு. ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் எல்லாரும் ஒரு மாடி ஏறிவிடுவார்கள். முதலாண்டுக்காரிகளுக்குக் கீழ்த்தளம், சமையலறைப் புகையும் கொசுவும் அவர்கள் பங்கு. இரண்டாமாண்டுக்கு முதல் மாடி. மூன்றாமாண்டுக்குக் காற்று வரும் மேல்மாடி. வாளி, மெத்தை, செருப்பு, சீப்பு என்று படிக்கட்டெல்லாம் ஒரே ரகளையாக இருக்கும். விண்ணப்பங்களை வாங்கியது அதற்கு இரண்டு மாதம் முன்பு. பெயர் மாற்றும்போது எதையும் குறையாக விடக்கூடாது என்று, கட்டட எண், மாடி, அறை எண், கட்டில் எண் வரை எழுதவைத்தது வேறு யாருமில்லை, சாட்சாத் இவள்தான். "கட்டில் நம்பர் எதுக்குடி, ராத்திரி வந்து எழுப்பி ஓட்டு கேப்பாங்களா?" என்று அப்போதே ஒருத்தி கிண்டலடித்தாள். விடுதியில் தங்காதவள், பாவம், தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. மாடி மாறிய அன்று தோழியின் மெத்தையை ஒரு முனையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியேறியவளும் இவள்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

கட்டின் கடைசித் தாளில் விசாரிக்க வந்த அலுவலரின் குறிப்பு இருந்தது. கல்லூரி திறந்த முதல் வாரத்துத் தேதி. தொடர்பு நபரிடம் தொலைபேசியில் கேட்கப்பட்டது. அறை எண்கள் சரியே என்று கூறினார்.

இப்போது ஞாபகம் வந்தது. கூட்ட நெரிசலில் பேருந்துப் படியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கைபேசி. "ரூம் நம்பரெல்லாம் அப்படியேதானேம்மா இருக்கு?" என்று ஒரு குரல் கேட்டது. "அப்படியேதான் சார். கட்டில் நம்பர் கூட இருக்கு, பாருங்க" என்று பெருமையாகச் சொன்னாள். "ரொம்ப சந்தோஷம்மா" என்றார் அவர். அந்த மனிதர் மாலை நேரமாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறார். அவர் கதவு கதவாகத் தட்டியபோது, தேடப்பட்ட பெண்கள் ஒரு மாடி மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

"இப்போ ஏதாவது பண்ண முடியுமா சார்?"

"கடைசித் தேதி போய் பத்தொம்பது நாள் ஆச்சு." எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு சொல்றேன். இங்க சேக்கறது ஒரு ஆபீஸ், சொந்த ஊர்ல எடுக்கறது அந்தந்த ஊர் ஆபீஸ். நீங்க மனு குடுத்ததுமே அங்க எடுக்கச் சொல்லித் தகவல் போயிருக்கும். சுறுசுறுப்பான ஆபீஸா இருந்தா அப்பவே எடுத்திருப்பாங்க. தூங்குமூஞ்சி ஆபீஸா இருந்தா இன்னும் பேரு இருக்கும். பேரு இருக்கறவங்க ஊருக்குப் போய்ப் போட்டுக்கலாம். உடனே சொல்லுங்க, தூரத்துப் பிள்ளைங்க கிளம்பணும் இல்ல?"

அந்தக் கடைசித் தாளை அவள் மடித்துக் கட்டின் அடியில் தள்ளினாள். எழுத்தர் கவனிக்கவில்லை.

பொறுப்பாசிரியர் மேசைமேல் அழைப்பிதழ் உறைகள் அடுக்கியிருந்தன. அவள் சொல்லி முடிக்கும்வரை ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லாத. ஃபங்ஷன் முடியட்டும். சாயங்காலம் நானே சொல்றேன்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னா பஸ் கிடைக்காது சார். ரயில்ல எடம் இருக்காது. சில பேருக்கு ஒண்ணரை நாள் ஆகும் ஊருக்குப் போக."

"எத்தனை பேருக்கு ஊர்ல பேரு இருக்குன்னே உனக்குத் தெரியாது. பத்து பேருக்காக நூறு பேர் மனசை உடைக்கப்போறியா? நாமதானே சொன்னோம், ஓட்டுதான் எல்லாம்னு. இப்போ போய் இல்லன்னு சொன்னா அடுத்த தேர்தல்ல ஒரு பிள்ளை திரும்பிப் பாக்குமா?"

அவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மூன்று வருடமாக மன்றத்துக்காக அலைந்தவர். ஆனால் கேடயம் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் நல்லவர்களுக்கும் புத்தி கொஞ்சம் கோணிவிடுகிறது. ஓட்டுக்காரி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, நேராக நூலகத்துக் கணினியின் முன் போய் உட்கார்ந்தாள்.

நூற்றுப் பதினாறு பேரின் சொந்த ஊர்ப் பட்டியலை ஒவ்வொன்றாகத் தேடினாள். செவ்வாய் மாலையும் புதன் பகலும் அதற்கே போயிற்று. வகுப்புக்குப் போகவில்லை. தேடிக்கொண்டே நகத்தைக் கடித்தாள். கவலை வந்தால் நகம் கடிப்பது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம். நகம் தீர்ந்துபோய்ச் சதையையும் கடித்து, இடது ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ரத்தம் கட்டிவிட்டது. நாற்பத்தொரு பேருக்கு ஊரில் பெயர் இருந்தது. எழுபத்து நாலு பேருக்கு இல்லை. ஒரு பெயரை மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள்.

அது ஒட்டகத்தின் பெயர். ஒட்டகம் அவள் வகுப்புத் தோழி. கதவு நிலையில் நெற்றி இடிக்கும் உயரம், அதனால் அந்தப் பெயர். ஒட்டகத்தைச் சம்மதிக்கவைக்க நான்கு நாள் ஆயிற்று. "எங்கப்பா எந்த ஆபீசுக்குப் போனாலும், எங்க வீட்ல நாலு ஓட்டு இருக்குன்னு சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பாரு. நான் இங்க மாத்திட்டா மூணாயிடும்டி" என்பாள். ஊருக்குப் போகிற பாலம் ஆறு வருடமாகப் பாதியில் நிற்கிறது. அதற்காகத்தான் அந்த நாலு ஓட்டு. ஓட்டுக்காரி விடவில்லை. "வருஷத்துல பத்து மாசம் இங்க இருக்க. இருட்டுல பஸ் ஸ்டாப்லேந்து ஓடி வர. இந்தத் தெருவுக்கு லைட் வேணும்னு கேக்க உனக்கு உரிமை வேண்டாமா?" அதற்குத்தான் ஒட்டகம் இறங்கிவந்தாள். வீட்டில் நாலு ஓட்டுதான், மூன்று அங்கே ஒன்று இங்கே என்று அப்பாவிடம் சொல்லிச் சரிக்கட்டினாள்.

மாற்றிக்கொண்டபின் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. வேட்பாளர்கள் ஐந்து பேரைப் பற்றியும் நோட்டுப் போட்டு எழுதினாள். யார் போன முறை என்ன சொன்னார், அதில் எது நடந்தது, கூட்டங்களுக்கு எத்தனை நாள் வந்தார், யார் மேல் என்ன வழக்கு, எல்லாம். கல்லூரிக்கு இரண்டு வேட்பாளர்கள் வந்தபோது எழுந்து நின்று தெருவிளக்கைப் பற்றிக் கேட்டவள் அவள்தான். "கண்டிப்பா செய்வோம்மா" என்றார் ஒருவர். "எந்தத் தேதிக்குள்ள சார்?" என்றாள் ஒட்டகம். கூடம் கைதட்டியது. ஓட்டுக்காரி அன்று பூரித்துப்போனாள்.

கடைசியில் அந்தப் பெயரையும் தட்டினாள். அந்த ஊர் அலுவலகம் சுறுசுறுப்பான அலுவலகம். பெயரை அப்போதே எடுத்திருந்தார்கள். இல்லாதவர்கள் எழுபத்தைந்து.

புதன் மாலை, எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கும் நேரம். அதே வாசலில், இந்த முறை மேசை இல்லாமல் நின்றாள். பொறுப்பாசிரியர் வேண்டாம் என்றதை மீறித்தான் வந்திருந்தாள். நாற்பத்தொரு பேரின் பெயர்களை வாசித்தாள். உங்களுக்கு ஊரில் ஓட்டு இருக்கிறது, நாளைக்கே கிளம்புங்கள் என்றாள். மற்றவர்களுக்கு எங்கேயும் இல்லை என்றாள்.

"எப்படிடி இல்லாமப் போகும்?" என்று ஒருத்தி கத்தினாள்.

"ரூம் மாறினதால வந்த குழப்பம். விசாரிக்க வந்தவங்க பழைய ரூம்ல போய்ப் பாத்துட்டு இல்லன்னு எழுதிட்டாங்க. ஆபீஸ்ல சரியா விசாரிக்கல."

பொய் என்று எதுவும் சொல்லவில்லை. பேருந்துப் படியில் வந்த அழைப்பைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. கூடம் கொதித்தது. அலுவலகத்தைத் திட்டினார்கள், வார்டனைத் திட்டினார்கள், நாட்டையே திட்டினார்கள். ஒருத்திகூட ஓட்டுக்காரியைத் திட்டவில்லை. இரண்டு பேர் வந்து, "நீ இவ்வளவு பாடுபட்டும் இப்படிப் பண்ணிட்டானுங்களே" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அது அவளுக்கு அடி வாங்கியதைவிட வலித்தது.

ஒட்டகம் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். "எனக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல."

ஒட்டகம் மேல்மாடிக்குப் போய்த் தன் நோட்டை எடுத்துவந்து நீட்டினாள். "உனக்குத்தான் ஓட்டு இருக்கே. நீயாவது பாத்துப் போடு. நோட்டுல மூணாவது ஆளு தேதி சொல்லாம மழுப்பினாரு, அதையும் எழுதியிருக்கேன்."

வியாழக்கிழமை விடியற்காலையிலேயே முப்பத்திரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மிச்ச ஒன்பது பேர், ஒரு ஓட்டுக்காக அவ்வளவு தூரம் யார் போவது என்று இருந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விழா நடந்தது. கேடயத்தில் எழுத்துப் பொறித்தாகிவிட்டது, திரும்ப எடுத்துப்போக யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. பாதிக் கூடம் காலியாக இருந்தது. பொறுப்பாசிரியர் கேடயத்தை வாங்கிக்கொண்டு படத்துக்கு நின்றார். உறுதிமொழி வாசிக்க ஓட்டுக்காரியின் பெயரைக் கூப்பிட்டபோது அவள் நூலகத்தில் ஒட்டகத்தின் நோட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை அப்பாவோடு வரிசையில் நின்றாள். அப்பா முன்னால், அவள் பின்னால். இது அவளுக்கு முதல் ஓட்டு. இந்த நாளை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். நோட்டில் இருந்ததையெல்லாம் மனதில் ஓட்டி, தெருவிளக்குக்குத் தேதி சொன்ன ஒரே ஆளுக்குப் போட்டாள். அதற்கு முன் மை வைத்தவர் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்னம்மா, விரலையே சாப்பிட்டுட்ட போல" என்று சிரித்தார். வெளியே வந்து அப்பா தன் விரலை ஊதிக் காயவைத்தார். அவள் கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு ஒட்டகத்திடமிருந்து அழைப்பு வந்தது. "ஓட்டு போட்டாச்சா? இங்க ஒரு நடை வரியா?"

மேல்மாடி அறையில் ஒட்டகம் தனியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஓட்டுக்காரி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா காலையிலேந்து மூணு தடவை பேசிட்டாங்க. மை வெச்ச விரலை ஃபோட்டோ எடுத்து அனுப்புன்னு. அப்பா பாக்கணுமாம்."

"நீ சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? நாலு ஓட்டும் விழுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு." ஒட்டகம் கைபேசியை எடுத்தாள். "உன் விரலைக் குடு."

மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வெள்ளைச் சுவரின் மேல் விரலை வைத்தாள். வளையல் தெரியாமல், கை தெரியாமல், விரல் மட்டும் தெரியும்படி ஒட்டகம் படம் எடுத்தாள். அனுப்பினாள். ஒட்டகம் மறுபடியும் துணி மடிக்கப் போனாள்.

ஐந்து நிமிடத்தில் மணி அடித்தது. ஒட்டகத்தின் கைபேசி ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். அம்மாவின் குரல் அறை முழுக்க வந்தது.

"பாத்தேன்டி கண்ணு. அப்பாவுக்குத் தலைகால் புரியல. பக்கத்து வீட்ல காட்டிட்டு வரேன்னு போனைப் புடுங்கிட்டுப் போயிட்டு இப்பத்தான் குடுத்தாரு."

"சரிம்மா."

"ஏன்டி, நீ எப்போலேந்து நகம் கடிக்க ஆரம்பிச்ச?"

ஒட்டகத்தின் கை துணியின் மேல் நின்றது.

"ரத்தம் கட்டற அளவுக்குக் கடிச்சு வெச்சிருக்க. என்ன கவலை உனக்கு? படிப்பு கஷ்டமா இருக்கா? யாராவது ஏதாவது சொன்னாங்களா? சாப்பிடறியா இல்லையா? அம்மாகிட்ட சொல்லுடி. ஓட்டு கிடக்கு, அது யாருக்கு வேணும்."

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா…"

ஓட்டுக்காரி எழுந்தாள். மெத்தையின் மேல் கிடந்த கைபேசியைக் கையில் எடுத்தாள்.

"அம்மா, நான் அவ கூடப் படிக்கறவ பேசறேன். அது அவ விரல் இல்லம்மா. என் விரல்."

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்தது. அறை எண்ணைச் சொன்னாள், கட்டில் எண்ணைச் சொன்னாள், மாடி மாறியதைச் சொன்னாள்.

"ஆபீஸ்ல தப்பு இல்லம்மா. அவர் எனக்குப் போன் பண்ணிக் கேட்டாரு. ரூமெல்லாம் அப்படியேதானே இருக்குன்னு கேட்டாரு. நான் ஆமான்னு சொன்னேன். மாறிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்க பொண்ணுக்கு ஓட்டு இருந்திருக்கும். எல்லாருக்கும் இருந்திருக்கும். இதை நான் இவகிட்ட கூட சொல்லலம்மா. யார்கிட்டயும் சொல்லல."

சொல்லும்போது அவள் ஒட்டகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் விரல் வைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அந்த அம்மாள் நிதானமாக, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "அங்கயும் பேரு இல்ல, இங்கயும் பேரு இல்ல. அப்போ அவ எந்த ஊர்க்காரிம்மா இப்போ?"

ஓட்டுக்காரியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

ஒட்டகம் வந்து கைபேசியை அவள் கையிலிருந்து வாங்கினாள். அந்த விரல் மேல் தன் விரல் படாமல் வாங்கினாள்.

"அம்மா, நான் அப்புறமா பேசறேன். அந்தப் படத்தை அழிச்சிடு. அப்பாகிட்ட மூணுன்னு சொல்லிடு."

பிறகு அவள் கட்டிலுக்குத் திரும்பிப்போய், மிச்சமிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஓட்டுக்காரி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். போ என்றும் ஒட்டகம் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.